ஹெல்மெட்டுக்குள் ஒரு கச்சேரி

நாற்பத்து மூன்று வயதில் ஹேமலதாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஹெல்மெட்டுக்குள் பாட ஆரம்பித்தாள்.

எல்லாம் அந்தப் பேட்டரி ஸ்கூட்டரால் வந்தது. தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்றே, வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், போய் வாங்கி வந்துவிட்டாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனுக்கு அவள் சூப்பர்வைசர். காலையிலிருந்து சாயந்திரம்வரை தையல் மிஷின்களின் இரைச்சல். அது முடிந்தால் பழைய பெட்ரோல் வண்டியின் இரைச்சல். வீட்டுக்குப் போனால் டிவி. இத்தனைக்கும் நடுவில் தன் குரல் என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததுகூட இல்லை.

புது வண்டியில் முதல் நாள் பைபாஸில் போகும்போது எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தாள். ஓரம் கட்டி, குனிந்து சக்கரத்தில் காது வைத்துப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஏறி ஓட்டினால் மறுபடியும் ரீங்காரம். ஷோரூமுக்குத் திருப்பிக் கொண்டுபோய்த் திட்டிவிட்டு வரலாம் என்று யு-டர்ன் போடும் இடத்தில்தான் உறைத்தது. அது வண்டியில்லை. அவள்.

அன்றிலிருந்து நிற்கவில்லை. சினிமாப் பாட்டெல்லாம் அவளுக்குச் சரிப்படவில்லை. அது இன்னொருத்தியின் குரலில் ஏற்கெனவே காதில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தன் குரல் கூசுகிறது. ஆகவே சாலையில் கண்ணில் பட்ட பலகைகளைப் பாடினாள். ‘வேகத்தைக் குறைக்கவும்’ நல்ல பல்லவியாக வந்தது. ‘பள்ளிக்கூடம் உள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்பதில் ‘மெதுவாக’வை மூன்று வளைவு வளைக்கலாம். ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ சோகமாகப் பாடினால் கண்ணில் தண்ணீரே வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினால் எல்லாம் போய்விடும். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆறு வருஷம் முன்பு அக்கா மகள் நலங்கில் எல்லோரும் பாடச் சொல்லி நச்சரித்தார்கள். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரி வரவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். அப்போது முதல் ஆளாகக் கை தட்டியது அவள் புருஷன் ராமலிங்கம். பாவம் என்று தட்டினான். அவன் தட்டினானே என்று மற்றவர்களும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால் மறந்திருப்பாள். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். அந்தப் பரிவைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

ராமலிங்கம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். தோல் மண்டிகளுக்கு லோடு அடிக்கிறான். டீசல் வாசனை இல்லாத எதுவும் அவன் கணக்கில் வண்டியே இல்லை.

“இன்னாடி உன் மிக்ஸி, சார்ஜ் ஏறிச்சா?” என்பான் தினமும். பிறகு அவனே திருத்திக்கொள்வான். “மிக்ஸியாவது சத்தம் போடும்.”

பொங்கல் கழிந்த வாரம் அந்தப் பேச்சு முற்றிவிட்டது. பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் அந்த ஸ்கூட்டரை விலைக்குக் கேட்டிருந்தான். ராமலிங்கம் பாதி சம்மதித்துவிட்டு வந்திருந்தான்.

“வித்துட்டு நல்லதா ஒரு பெட்ரோல் வண்டி எடுத்துத் தர்றேன். இத வச்சுக்கினு எங்க போவ? மலை ஏறுமா? மழைல ஓடுமா? நடுரோட்ல நின்னுச்சுன்னா நான்தான் லோட விட்டுட்டு ஓடியாரணும்.”

ஹேமலதா வண்டிச் சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டி போனால் வண்டி மட்டுமா போகும்? ஆனால் அதை எப்படிச் சொல்வது? எனக்குப் பாட ஒரு இடம் வேண்டும், அது அந்த ஹெல்மெட்டுக்குள்தான் இருக்கிறது, வண்டி சத்தம் போட்டால் அதுவும் இருக்காது என்று கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவனிடம் சொல்ல முடியுமா?

“மலை ஏறும்” என்றாள்.

“எந்த மலை?”

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “காவலூர்.”

வாய்க்கு வந்தது என்றாலும் வெறும் காற்றிலிருந்து வரவில்லை. கம்பெனியில் டிசைன் செக்‌ஷனில் கம்ப்யூட்டரில் ஷூவுக்கு அளவு வரையும், தினமும் அவள் வண்டியிலேயே பின்னால் ஏறி வரும் ஷஹீன் பானு மாதக்கணக்காக அவளை அரித்துக்கொண்டிருந்தாள். ராக்கெட் விடும் நாளென்றால் டீ பிரேக்கில் டீயை மறந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் பானு. வாணியம்பாடிக்கு அந்தப் பக்கம் மலைமேல் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, சனிக்கிழமை சாயந்திரம் பொதுமக்களைப் பார்க்க விடுகிறார்கள், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருமுறைகூடப் போகவில்லை என்றால் நாமெல்லாம் மனுஷங்களா என்று அவள் கேட்காத நாளில்லை.

“காவலூரா!” ராமலிங்கம் சிரித்த சிரிப்பில் டம்ளரில் இருந்த காபி ஆடியது. “ஆலங்காயம் தாண்ட மாட்ட. நின்னுக்கினு எனக்கு ஃபோன் பண்ணுவ.”

“பண்ணா வண்டிய வித்துடுங்க.”

“நெஜமா?”

“நெஜமா. நீங்க ஃபோன் பண்ணா?”

“நான் எதுக்குடி பண்றேன்?”

“பண்ணா, வண்டியப் பத்தி இனிமே வாயத் தொறக்கக் கூடாது.”

“சரி. யாரு மொதல்ல ஃபோன் பண்றாங்களோ அவங்க தோத்தாங்க. போதுமா?”

போதும்.

சனிக்கிழமை அரை நாள் ஷிஃப்ட். மதியம் பானுவை ஏற்றிக்கொள்ள அவள் வீட்டுக்குப் போனால், அவள் அம்மா முனவ்வர் பேகம் வாசலில் ஒரு பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. ஓரத்தில் ஆவி.

“அம்மி, இது இன்னா?” என்றாள் பானு.

“பிரியாணி. மேல காட்டுல இன்னா கெடைக்கும்? கத்திரிக்கா தனியா வச்சிருக்கேன்.”

“ரெண்டு பேருக்கா?”

“அங்க இருக்கறவங்களுக்குக் குடுக்க வேணாமா? வெறுங்கையோட போவாங்களா யாராவது?”

ஹேமலதா மெதுவாகச் சொன்னாள். “அம்மா, வண்டில வெயிட் ஜாஸ்தி ஆனா சார்ஜ் கம்மியாய்டும்.”

“பிரியாணிக்கும் கரண்டுக்கும் இன்னா கண்ணு சம்பந்தம்?” என்று தேக்சாவைக் கால் வைக்கும் இடத்தில் அவரே தூக்கி வைத்துவிட்டார். ஆம்பூரில் பிறந்த எவளும் அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். இவர்களும் சொல்லவில்லை. அதுதான் அவர்கள் செய்த தப்பு.

தேக்சாவின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைத்துக்கொண்டு ஹேமலதா பைபாஸில் ஏறினாள். முழங்கால் சுட்டது. லாரிக்காரர்கள் வாசனை பிடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். வாணியம்பாடி வருமுன்பே பேட்டரி எண் சரசரவென்று இறங்க ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, எகோ மோடு போடு.”

“போட்டுத்தான் இருக்கேன்.”

“நான் வேணா மூச்ச இழுத்துப் புடிச்சுக்கறேன். வெயிட் கம்மியாவும்.”

“நீ வாய மூடு, அதுவே பாதி வெயிட் கொறையும்.”

ஆலங்காயம் சாலையில் திரும்பி, வயல்களையும் புளியமரங்களையும் தாண்டி ஊருக்குள் நுழையும்போது பேட்டரி பாதிக்கும் கீழே போயிருந்தது. இனிமேல்தான் மலை. ஏறினாலும் திரும்பி வரக் காணாது. ஹேமலதா வண்டியை நிறுத்தினாள். பையில் ஃபோன் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஒரு மணி நேரத்தில் குட்டியானை வந்து நிற்கும். திட்டக்கூட மாட்டான். சிரித்துக்கொண்டே ஏற்றுவான். பாவம் என்பான்.

அந்தப் பாவத்தை நினைத்ததும் ஃபோனைப் பையின் அடியில் தள்ளினாள்.

“பிளக்கு தேடு பானு.”

முதலில் கண்ணில் பட்டது ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். மறுநாள் ஏதோ வரவேற்பு விழாவுக்காக அதன் முதலாளி சர்தார் பாஷா ஒயர்களை நீட்டி, மைக்கைத் தட்டித் தட்டி, “ஹலோ, செக், செக்” என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாய், ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா?” என்றாள் பானு. “சார்ஜர் எங்ககிட்டயே இருக்கு.”

“என் ஆம்ப்ளிஃபயருக்கே கரண்ட் பத்தல. வோல்டேஜ் பேஜார் பண்ணுது. வேற எடம் பாரும்மா.”

பானு வாதாடவில்லை. குனிந்து தேக்சாவின் துணியை அவிழ்த்து மூடியை ஒரு விரல் அளவு திறந்தாள்.

சர்தார் பாஷா மைக்கைத் தட்டுவதை நிறுத்தினார். “ஆம்பூரா?”

“ஆம்பூர்.”

“பிளக்கு உள்ள இருக்கு. இஸ்திரிப் பொட்டி போடறது. நல்லா தாங்கும்.”

கடைக்காரர், அவர் கடையில் வேலை செய்யும் இரண்டு பேர், எதிரே பரோட்டா போடுகிறவர் என்று ஆளுக்கு ஒரு தட்டு போனது. வண்டி உள்ளே நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய சர்தார் பாஷாவுக்கு உபகாரம் செய்த களைப்பில் இன்னொரு யோசனை தோன்றியது.

“நாளைக்குப் பாட வர்றது ஒரு லேடி. லேடீஸ் குரலுக்கு மைக்கு செட் பண்ணணும். யாராவது ரெண்டு வரி பாடுங்களேன்.”

“ஹேமாக்கா பாடுவாங்க” என்றாள் பானு.

ஹேமலதா இரண்டடி பின்னால் போனாள். “நானா? நான் எங்க பாடறேன்?”

“தெனமும் பின்னாடி உக்காந்து வர்றது யாரு? ‘குப்பை கொட்டாதீர்’ கேட்டு நான் ரெண்டு வாட்டி அழுதிருக்கேன்.”

“நீ கேட்டியா?”

“ஹெல்மெட்டு இன்னா ரூமா அக்கா, கதவு சாத்திக்க? அதுக்குத்தான் நான் கம்பெனி பஸ்ஸ விட்டுட்டு உன்கூட வர்றதே.”

மூன்று மாத ரகசியம் ரகசியமே இல்லை என்று தெரிந்தபோது வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தால் மூக்கு வழியாக வந்தது. பானுவும் சிரித்தாள். சர்தார் பாஷா மட்டும் தொழில் கவனத்தோடு மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

வாங்கினாள். வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. நலங்கு, ஜமுக்காளம், சந்தனக் கிண்ணம், அந்தக் கைதட்டல்.

“ஒரு நிமிஷம்” என்றாள். போய் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, வாரைக் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு மைக்கைப் பிடித்தாள். எதிர்ச்சுவரில் எழுதியிருந்ததைப் பாடினாள்.

“இங்கே… வாகனங்கள்… நிறுத்தாதீர்…”

தெருவின் இரண்டு பக்கமும் அது எழுந்தது. அவள் குரல், ஆனால் அவளுக்கு வெளியே, ஒரு மரம்போல நின்றது. கொஞ்சம் கரகரப்பு. ‘நிறுத்தாதீர்’ இறங்கும் இடத்தில் ஒரு நடுக்கம். இருக்கட்டும் என்று தோன்றியது. இதுதானா நான், பரவாயில்லையே என்றும் தோன்றியது.

“பேஸ் ஜாஸ்தியா இருக்கு” என்றார் சர்தார் பாஷா. “ஹெல்மெட்ட கழட்டும்மா.”

“கழட்டினா பாட்டு வராது பாய்.”

அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணமும் கேட்கவில்லை. ஒயர் சரியில்லை என்றால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படித் தலையாட்டிவிட்டு இரண்டு திருகுகளைத் திருகினார். “ஹெல்மெட்டுக்கு ஏத்த மாதிரி வச்சுட்டேன். இப்ப பாடு.”

பாடினாள். பரோட்டாக்காரர் மாவை வீசிக்கொண்டேயிருந்தார். ஒரு மாடு கடந்து போனது. ஒருவரும் கை தட்டவில்லை. யாருமே தட்டவில்லை! ஹேமலதாவுக்கு அந்த மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

மலையடிவாரத்து டீக்கடையைத் தாண்டி ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தேக்சாவில் இரண்டு தட்டுதான் மீதி. வண்டி இப்போது ஆட்டுக்குட்டிபோல் ஏறியது. காடு ஆரம்பித்த இடத்தில் முதல் வளைவில் மஞ்சள் பலகை நின்றது. ‘வளைவு முன்னே. ஒலி எழுப்பவும்.’ அவள் எழுப்பினாள். பானு பின்னாலிருந்து, இப்போது தன் மடிக்கு வந்துவிட்ட தேக்சாவின் மூடியில் தாளம் போட்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வரி. ஏறும்போது சுருதியும் ஏறியது, எதிரே பைக்கில் வந்த இருவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

மேலே வரிசையில் நிற்கும்போதே இருட்டிவிட்டது. அப்படி ஒரு இருட்டை அவர்கள் ஆம்பூரில் பார்த்ததில்லை. நட்சத்திரங்கள் சிந்திய ஆணிகள்போலக் கிடந்தன. சனிக் கிரகத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

“வளையம் நல்லா தெரியாதுக்கா” என்று பானு கிசுகிசுத்தாள். “பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு வாட்டி அது நமக்கு நேரா திரும்பிக்கும். அதான் இப்ப மெலிசா கோடு மாதிரி இருக்கும். நமக்குன்னு பார்த்து.”

ஹேமலதா கண்ணை வைத்தாள். கறுப்பில் ஒரு சின்ன மஞ்சள் மணி. அதன் குறுக்கே ஒரே ஒரு நூல், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்தது. எவ்வளவு நல்ல தையல் என்றுதான் முதலில் நினைத்தாள். நாள் முழுக்கத் தையலில் பிழை தேடும் கண்ணுக்கு அதில் பிழை கிடைக்கவில்லை. பிறகுதான், அது ஒரு படமில்லை, இந்த நிமிஷம் அங்கே சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுற்றும் என்பது உறைத்தது. “அடுத்தவங்க வாங்க” என்ற குரல் கேட்டு விலகினாள். பானு பார்த்துவிட்டு வந்து மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மீதி இருந்த இரண்டு தட்டு பிரியாணி காவலாளிக்குப் போனது. முனவ்வர் பேகம் கேட்டால் சொல்ல வேண்டுமே.

இறங்கும்போதுதான் கூத்து. இரண்டாவது வளைவில் பானு அலறினாள்.

“அக்கா! சார்ஜ் ஏறுது!”

“உளறாதே.”

“முப்பத்தெட்டு இருந்துச்சு, முப்பத்தொம்போது ஆய்டுச்சு! எறக்கத்துல சக்கரம் மோட்டார சுத்துது, மோட்டாரு பேட்டரிக்குக் கரண்டு அனுப்புது. படிச்சிருக்கேன், கண்ணால இப்பத்தான் பாக்கறேன்!”

மலை அவர்களுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. ஏறியபோது பிடுங்கிக்கொண்டதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்தது. நாற்பது என்று மாறியபோது இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக் கத்தினார்கள். ஹேமலதா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வாய் தானாகத் திறந்தது. ‘ஒலி எழுப்பவும்’ என்ற அந்த இரண்டு சொல்லை எடுத்து, தாழ்வில் தொடங்கி, சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டே போனாள்.

அடிவாரம் வந்தது. டீக்கடை விளக்கு. அதன் பக்கத்தில், எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, ஒரு குட்டியானை.

பின்புறம் திறந்திருந்தது. ஸ்கூட்டர் ஏற்ற வசதியாக இரண்டு பலகைகள் தயாராகச் சாய்ந்து நின்றன. கயிறுகூட இருந்தது. ராமலிங்கம் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கையில் ஃபோன். அது அடிக்கும் அடிக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

நிறுத்தலாமா என்று ஒரு கணம் கை பிரேக்குக்குப் போனது. ஆனால் பாட்டு அப்போது உச்சியில் இருந்தது. அதை நடுவில் விட அவளுக்கு மனம் வரவில்லை. நலங்கில் விட்டது போதும். சத்தமில்லாத அந்த வண்டி அவன் முதுகுக்குப் பின்னால் பாட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு கடந்து போனது.

ஒரு புளியமரம் தாண்டுவதற்குள் பை அதிர்ந்தது. ஓரம் கட்டினாள். திரையில் ‘வீட்டுக்காரர்’.

பானு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஹலோ.”

“ஏய் ஹேமா, எங்க கீற? மேலயா?” எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான். “இங்க லோடு ஒண்ணு வந்துச்சு, ஆலங்காயத்துக்கு. சும்மா நிக்கறேன். ஏய், இப்ப ஒருத்தி இந்தப் பக்கம் பாடிக்கினே போனா பாரு…”

“யாரு?”

“தெரியல. திரும்பிப் பாக்கறேன், செவப்பு லைட்டு மட்டும் தெரியுது. வார்த்தையும் புரியல, ‘ஒலி’ன்னு இன்னாமோ. ஆனா அப்படி ஒரு ஏத்து ஏத்துனா ஹேமா. மயிர்க்கூச்செடுத்துச்சு. எறக்கறதுக்குள்ள வண்டி போய்ட்டுச்சு. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அதான்.”

அவள் ஃபோனை ஹெல்மெட்டுக்குள் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

“ஹலோ? கீறியா?”

“இருக்கேன். ஃபோன் யாரு பண்ணது?”

அந்தப் பக்கம் எஞ்சின் மட்டும் ஓடியது. பிறகு, “அடச்சீ!”

பானு சாலையிலேயே உட்கார்ந்து, தேக்சாவைக் கட்டிக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தாள்.

“போகட்டும் போ” என்றான் ராமலிங்கம். “வச்சுக்கோ உன் மிக்ஸிய.” யாரிடமோ குறைப்பட்டுக்கொள்வதுபோல் சொன்னான். “ஆனா அந்தப் பாட்டு எறங்கி எங்க முடிஞ்சிருக்கும்னுதான் மனசு அடிச்சுக்குது.”

ஹேமலதா ஹெல்மெட்டின் வாரைத் தடவிப் பார்த்தாள். கழற்றலாமா என்று யோசித்தாள். கழற்றி, வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டினாள். தலை லேசாகி, காது இரண்டும் குளிர்ந்தன.

“வண்டிய ஆஃப் பண்ணுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“பண்ணுங்களேன்.”

குட்டியானை இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. ஃபோனுக்குள் ராத்திரிப் பூச்சிகளின் சத்தம் கேட்டது. அதே பூச்சிகள் அவளைச் சுற்றியும் இரைந்தன. எந்த இடத்தில் விட்டாளோ அந்த உச்சியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மெல்ல இறங்கத் தொடங்கினாள்.